சுண்ணாம்புச் சுவரைப் பாழாக்கிய ஈரத்தடுப்புப் பூச்சு: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர்,
கும்பகோணம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
பெயிண்ட் தயாரிப்பு நிறுவனம்,
சென்னை.

பொருள்: தங்கள் ஈரத்தடுப்புப் பூச்சினால் பழைய வீட்டின் சுவரும் வாசல் நிலைக்காலும் சேதமடைந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மே மாதம் கும்பகோணத்தில் உள்ள தங்கள் விற்பனையாளரிடம் ஈரத்தடுப்புப் பூச்சு 20 லிட்டர் வாளி ஒன்றும், அதனுடன் அடிக்க வேண்டிய பிரைமரும் வாங்கினேன். ‘உள்ளும் புறமும் எல்லாச் சுவர்களுக்கும் ஏற்றது’ என்று வாளியின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறீர்கள். அது உண்மையல்ல. அதை நம்பி அடித்த என் வீட்டுக் கூடத்துச் சுவர் இன்று செங்கல் தெரிய நிற்கிறது. பூச்சின் விலையைத் திருப்பித் தர வேண்டும், சுவரைச் சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும், வாளியின் மேலுள்ள வாசகத்தைத் திருத்த வேண்டும் என்று கேட்டே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வீடு 1920களில் கட்டப்பட்டது. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம் என்ற பழைய அமைப்பு. சுவர்கள் ஒன்றரை அடி கனம். மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். சிமெண்ட் ஒரு பிடிகூடக் கிடையாது. அந்தக் காலத்து வீடுகளைப் போலவே இதற்கும் அடித்தளத்தின் மேல் ஈரத்தைத் தடுக்கும் படலம் இல்லை. காவிரிக் கரை ஊர் என்பதால் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும். முற்றத்துச் சாரலும் சேரும். ஆகவே தரையிலிருந்து இரண்டடி உயரம்வரை ஓதம், அதாவது மண்ணின் ஈரம், ஏறி, சுண்ணாம்பு பொடிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தேய்த்தால் வெள்ளை உப்பு ஒட்டும். வீட்டை வாங்கியபோது இருந்த குறை இவ்வளவுதான்.

சொந்தமாக ஒரு வீட்டை வைத்துப் பராமரிப்பது எனக்கு இதுவே முதல்முறை. முடிந்த வேலையை என் கையாலேயே செய்ய வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. தெரியாத வேலை என்பதால்தான், பணம் கொடுப்பதற்கு முன்பே தங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைத்துக் கேட்டேன். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர், அடியிலிருந்து ஓதம் ஏறுகிறது, சிமெண்ட் பூச்சு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தாராளமாகப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. போதாது என்று மின்னஞ்சலிலும் அதே கேள்வியை அனுப்பினேன். ‘மேற்பரப்பைச் சுத்தம் செய்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் பூசவும், எந்தச் சுவராக இருந்தாலும் பிரச்சினை இல்லை’ என்று எழுத்தில் பதில் தந்திருக்கிறீர்கள். அதன் நகலை இணைத்திருக்கிறேன். இக்கடிதத்தில் நீங்கள் முதலில் படிக்க வேண்டிய தாள் அதுதான்.

சொன்னபடியே செய்தேன். உதிரும் காரையைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, கோடை வெயிலில் கதவு ஜன்னல்களைத் திறந்துபோட்டு உலரவிட்டேன். பள்ளங்களைத் தங்கள் நிறுவனத்தின் பட்டியாலேயே அடைத்தேன். பிறகு பிரைமர், அதன்மேல் குறிப்பிட்ட இடைவெளி விட்டு இரண்டு கோட். ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள் இருக்கின்றன. வேலை முடிந்தபோது சுவர் மிக அழகாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஐப்பசி மழை பிடித்ததும் சுவரில் கொப்புளங்கள் தெரிந்தன. முதலில் புளியங்கொட்டை அளவு. பிறகு எலுமிச்சம்பழ அளவு. ஒன்றை ஊசியால் குத்தினேன். உள்ளிருந்து தண்ணீர் கோடாக வழிந்து, காய்ந்த இடத்தில் உப்புத் தடம் விட்டது. கார்த்திகை வருவதற்குள் பூச்சு தோல்போலத் தொங்கத் தொடங்கியது. ஒரு துண்டைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். அதன் முதுகில் அரை அங்குலக் கனத்துக்குச் சுண்ணாம்புக் காரை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வெட்டுவாயில் நீலம் கலந்த வெள்ளை, மங்கிய மஞ்சள், மறுபடி வெள்ளை என்று தலைமுறை தலைமுறையாக அடித்த சுண்ணாம்பு வரிவரியாகத் தெரிந்தது. இத்தனை ஆண்டுகள் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்த காரை அது. தங்கள் பூச்சு தான் விழும்போது அதையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது.

ஓதமும் அடங்கவில்லை. முன்பு இரண்டடியோடு நின்ற ஈரம் இப்போது ஜன்னல் கட்டைக்கு மேலே தெரிகிறது. கூடத்து வாசலின் தேக்கு நிலைக்கால் அடியில் ஊறி, நகம் பட்டாலே பள்ளம் விழுகிறது. பூச்சு அடிப்பதற்கு முன் அது உறுதியாக இருந்ததற்கும் படம் இருக்கிறது.

இது ஏன் நடந்தது என்பது இந்த ஊர்க் கொத்தனார்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செங்கல்லும் சுண்ணாம்பும் நுண்துளைகள் கொண்டவை. மண்ணில் உள்ள நீர் அத்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் ஆவியாகிறது. நீர் கொண்டுவந்த உப்பு முகப்பிலேயே படிந்து பொடியாக உதிர்கிறது. அதனால்தான் பழைய வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கு முன், சுண்ணாம்பு அடித்தார்கள். உதிர்ந்தது போக மீண்டும் அடித்துக்கொள்ளலாம். சுவருக்குக் கேடு இல்லை. தங்கள் பூச்சோ ரப்பர் போன்ற படலம். அது ஆவியாகும் வழியை அடைத்துவிடுகிறது. வழி அடைபட்ட நீர் இன்னும் மேலே ஏறுகிறது. உப்பு படலத்துக்குப் பின்னால் படிகமாகி, காரையை உள்ளிருந்து தள்ளுகிறது. மேலிருந்து ஒழுகும் நீரைத் தடுக்கத் தங்கள் பொருள் பயன்படலாம். அடியிலிருந்து ஓதம் ஏறும் சுண்ணாம்புச் சுவருக்கு அது மருந்தே அல்ல.

புகார் செய்த பின் தங்கள் பிரதிநிதி வந்து பார்த்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார், படம் எடுத்தார். ஈரமானி எதுவும் கொண்டுவரவில்லை. அடுத்த வாரம் வந்த கடிதத்தில், ‘மேற்பரப்பு சரியாகத் தயார் செய்யப்படவில்லை’ என்றும், ‘சுண்ணாம்புப் பூச்சு தற்காலத்தில் வழக்கில் இல்லாதது, அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல’ என்றும் இருந்தது. மேற்பரப்பைத் தயார் செய்ததைக் காட்டும் படங்கள் இத்துடன் இருக்கின்றன. பிரதிநிதி அவற்றைக் கேட்கவே இல்லை. இரண்டாவது காரணம் என்னை மிகவும் வருத்தியது. வழக்கில் இல்லாத பொருள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், நான் அதைக் குறிப்பிட்டுக் கேட்டபோதே மறுத்திருக்க வேண்டாமா? அது வழக்கில் இல்லை என்பதும் தவறு. கட்டுமானச் சுண்ணாம்புக்கு ஐஎஸ் 712 என்ற இந்தியத் தரநிர்ணயம் இருக்கிறது. காரை பூசுவதற்கும் வெள்ளையடிப்பதற்கும் உரிய வகையை அது தனியாகவே குறிப்பிடுகிறது. கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் செட்டிநாட்டிலும் புதுச்சேரியிலும் தெருத் தெருவாகச் சுண்ணாம்பு வீடுகள் நிற்கின்றன. அந்த ஊர்களில் கடை விரித்து விற்கும் பொருள் அந்தச் சுவர்களுக்கு ஆகாது என்றால், அதை வாங்குபவரிடம் சொல்வது நிறுவனத்தின் கடமை.

வாளியுடன் தந்த செய்முறைத் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. அதில் எந்த இடத்திலும் சுண்ணாம்புச் சுவர் பற்றியோ, அடியிலிருந்து ஏறும் ஓதம் பற்றியோ ஒரு வரி எச்சரிக்கை இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 84-ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தும் முறையையோ தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையையோ போதிய அளவில் தராத உற்பத்தியாளரைப் பொருளால் விளைந்த தீங்குக்குப் பொறுப்பாக்குகிறது. அப்பொருளைத் தவிர வேறு சொத்துக்கு ஏற்படும் சேதமும் சட்டப்படி தீங்குதான். என் சுவரும் நிலைக்காலும் அதில் அடங்கும்.

பூச்சு, பிரைமர், பட்டி ஆகியவற்றின் விலையைப் பில்லின்படி முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். சுவரைச் சீர்செய்வது பெரிய வேலை. மிச்சமிருக்கும் படலத்தை உரித்து, ஈரம் ஏறிய உயரத்துக்கு மேலும் ஓரடி வரை கெட்ட காரையைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுவதும் உலரவிட வேண்டும். பிறகு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பை மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூச வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரும், நிலைக்காலுக்கு அடி ஒட்டுப்போடத் தச்சர் ஒருவரும் தந்த மதிப்பீடுகள் இணைப்பில் உள்ளன. அத்தொகையைத் தாங்கள் ஏற்க வேண்டும். சிமெண்ட் பூசித் தருகிறோம் என்று தங்கள் பிரதிநிதி சொன்னதை நான் ஏற்கவில்லை. சிமெண்டும் ஆவியை அடைக்கும். இதே சேதம் வேறு வடிவில் திரும்ப வரும்.

வாளியின் மேல் ‘எல்லாச் சுவர்களுக்கும்’ என்ற சொற்களை நீக்கி, சுண்ணாம்புக் காரைச் சுவருக்கும் அடியிலிருந்து ஓதம் ஏறும் சுவருக்கும் ஏற்றதல்ல என்று தமிழில் அச்சிட வேண்டும். சேவை மையத்தில் பதில் சொல்பவர்களுக்கும் இதைத் தெரிவிக்க வேண்டும். எனக்குப் பணம் வந்தாலும் இக்கோரிக்கையை நான் கைவிடமாட்டேன். என் தெருவிலேயே இன்னொரு வீட்டில் இதே வாளி பிரிக்கப்படாமல் இருக்கிறது. என் சுவரைப் பார்த்த பிறகுதான் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள்.

இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலமான பதில் வேண்டும். வராவிட்டால் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்வேன். சுவரை அதுவரை தொடாமல் வைத்திருக்கிறேன். சுண்ணாம்புக் கட்டுமானம் தெரிந்த பொறியாளரை அனுப்பினால், எந்த நாளிலும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், சேவை மையத்தின் மின்னஞ்சல் பதில், பூச்சுக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், பிரதிநிதி பார்வையிட்ட பின் வந்த கடிதம், கொத்தனார் மற்றும் தச்சர் மதிப்பீடுகள்.