இரண்டு முறைப்பாடு, ஒரே பம்ப்

ஸ்காபரோ, கனடா
தை மாதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கிழமை தொலைபேசியை வானின் என்ஜினுக்குக் கிட்டப் பிடித்து என்னைக் கேட்கச் சொன்னீர்களே, அந்தக் 'கிர்ர்' நன்றாகவே கேட்டது. மார்கழி முழுவதும் அதே சத்தத்தோடுதான் நான் இங்கே வீடு வீடாகப் பொதி கொடுத்துத் திரிந்தேன். வாயால் சொன்னால் பாதியில் வாடகை ஹயர் வந்துவிட்டது என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இங்கே காலையில் மறை 20 பாகைக் குளிர். வானுக்குள் சூடு வருவது என்ஜினைச் சுற்றி வரும் சுடுநீரால்தான். அது குறைந்தால் ஓடும்போது சூடும் சிக்னலில் நின்றவுடன் குளிர்காற்றும் அடிக்கும். எனக்கு முதலில் தெரிந்த அறிகுறி அதுதான். கராஜ்களில் கூலி மணித்தியாலக் கணக்கு. பார்த்துச் சொல்லவே காசு. நம் ஊரைப் போல நாலு பேர் தேத்தண்ணீரோடு என்ஜினுக்குள் தலையை விட்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லும் சுகம் இங்கே கிடையாது. நோயை நானே கண்டுபிடித்துக்கொண்டு போவோம் என்று இறங்கினேன்.

இரவில் வானுக்குக் கீழே வெறும் அட்டைப் பெட்டியை விரித்து வைத்தேன். விடிய, பெல்ட் பக்கமாக இளஞ்சிவப்புப் பொட்டுகள், என்ஜின் நீரில் கலக்கும் கூலன்ட்டின் நிறம். ரேடியேட்டருக்கு நேர்கீழே ஒன்றுமில்லை. பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓடவிட்டேன். சத்தம் அடியோடு நின்றுவிட்டது. ஆகவே குற்றவாளி என்ஜினுக்குள் இல்லை, பெல்ட் சுற்றுகிற ஏதோ ஒன்று. பெல்ட் ஓடும் சக்கரங்களை, ஒவ்வொரு புல்லியாகக் கையால் பிடித்து ஆட்டினேன். என்ஜினைச் சுற்றி நீரைத் தள்ளும் வாட்டர் பம்பின் புல்லி மேலும் கீழும் அசைந்தது. சுற்றும்போது உள்ளே மணல் அரைபடுவதைப் போலக் கையில் தெரிந்தது. பம்பின் அடியில் சிறு துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் நீர் வெளியேறுவதற்காகவே வைத்த துளை அது. அதன் வாயில் காய்ந்த பொருக்கு. சீல் போய், கசிந்த நீர் பெயரிங்கின் கிறீஸைக் கழுவ, பெயரிங் கத்தத் தொடங்கியிருக்கிறது. புதுப் பம்ப் போட்டதும் சத்தமும் ஒழுக்கும் ஒன்றாகவே போய்விட்டன.

நீங்களோ ரேடியேட்டரில் நீர் குறையக் குறைய ஒவ்வொரு நாளும் கிணற்றிலிருந்து அள்ளி ஊற்றிச் சமாளிக்கிறீர்கள். நம் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. அம்மாவின் கேத்திலுக்குள் படிகிற வெள்ளை, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்ட் குளிர் நாட்டுக்காரருக்கு என்று சிரிப்பீர்கள். தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் மறை 37 பாகை வரை உறையாது என்பது எனக்குத்தான் தேவை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் உங்களுக்கும் தேவை. நாய் ஜிம்மியை மட்டும் கிட்ட விடாதீர்கள். இனிப்பென்று நக்கும், ஆனால் கொடிய நஞ்சு.

எஞ்சினில் சூடு இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் பழக்கத்தையும் விடுங்கள். 100 பாகைக்கு மேலும் நீர் கொதிக்காமல் நிற்பது அந்த மூடி தாங்கும் அழுத்தத்தால்தான். திறந்த கணமே முகத்தில் அடிக்கும். எண்ணெய் மூடியின் உட்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். பால் கலந்ததைப் போல இருந்தால், நீரும் எண்ணெயும் கலக்காமல் தடுக்கும் கெஸ்கட் போயிருக்கலாம், அது பெரிய செலவு. உங்கள் கதை அது இல்லை என்றே நினைக்கிறேன்.

நம் வானில் விசிறியும் பம்பின் தண்டில்தான் நிற்கிறது. புல்லி ஆடினால் கொழும்பு ஹயர் எடுக்கவே வேண்டாம். ஏ9 வீதியில் பெயரிங் உடைந்தால் விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடும், செலவு மூன்று மடங்காகும். என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, கையால் ஆட்டிப் பாருங்கள். பம்பின் படத்தையும் கடைக்காரர் சொல்லும் விலையையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள். காசு நான் போடுகிறேன். அண்ணிக்குக் கணக்குச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
தம்பி