பழைய கோயில் படங்கள் வேணும்

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராசர் 1982-ல் களவு போய், 2019-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு கலைக்கூடத்திலிருந்து திரும்பி வந்தது தெரியும்லா? 37 வருசம்! அவர் நம்ம ஊர்க்காரர்தான்னு காட்டிக்கொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் என்னைக்கோ எடுத்து வச்சிருந்த ஒரு போட்டோ. அது இல்லைன்னா வெறும் வாய்ப்பேச்சுதான்.

அதனால நம்ம ஊர் உற்சவர் (வீதியுலா போற சாமி சிலை) படங்களைச் சேர்க்கப் போறோம். பரண்ல கிடக்கிற கல்யாண ஆல்பம், கொடை, திருவிழாப் படம் எல்லாத்தையும் தட்டிப் பாருங்க. ஒரு விசயம்: முழு அலங்காரத்துல பட்டும் மாலையும் போக முகம் மட்டும்தான் தெரியும். எங்க வீட்டு ஆல்பத்துல அப்படித்தான், சாமியை விட மாமா பெருசா நிக்காரு. அபிசேக நேரத்துப் படம் இருந்தா அதுதான் தங்கம். பீடம், விரல், திருவாசி (சாமியைச் சுத்தி இருக்கிற வளைவு), ஒடஞ்ச இடம் எல்லாம் அதுல தெரியும்.

ஆல்பத்துலருந்து பிய்க்காதீங்க, படம் கிழிஞ்சிரும். வெயில் நேரா விழாத வெளிச்சத்துல வச்சு செல்லுல எடுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க. பின்பக்கம் தேதி எழுதியிருந்தா அதையும் எடுங்க.

குழுவுல போடாண்டாம், அட்மினுக்குத் தனியா அனுப்புங்க. குட்மார்னிங் படம் இப்போதைக்கு வேண்டாம்.