கவலைக்கும் தேதி குறிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் நெல் குவியலின் படம் உங்கள் டெல்டா பக்கத்தில் அடிக்கடி வருகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டது, சாக்கு இல்லை, லாரி வரவில்லை, நாளைக்கு வாங்க என்பதெல்லாம் செய்தியாகிறது. அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் காவல் இருப்பவரின் நெஞ்சு ஏன் படபடக்கிறது என்பது செய்தியாவதில்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை வட்டாரங்களில் மனநலப் பணியில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து அதைப் பற்றி எழுதுகிறோம்.

கெட்ட செய்தியைவிட, வருமா வராதா என்று தெரியாத செய்திதான் மனிதனை அதிகம் அரிக்கும். லண்டனில் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், கையில் லேசான மின் அதிர்ச்சி நிச்சயமாக விழும் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, விழவும் விழலாம், விழாமலும் போகலாம் என்ற நிலையில்தான் பதற்றம் உச்சத்தில் இருந்தது. டெல்டா விவசாயியின் வருடமே அப்படித்தான் ஓடுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா, கடைமடைக்கு முறைத் தண்ணீர் எந்தக் கிழமை வரும், ஐப்பசி கார்த்திகையில் தாழ்வு மண்டலம் எந்தப் பக்கம் திரும்பும், நெல்லுக்குப் பணம் எப்போது கணக்கில் ஏறும்? எதற்கும் உறுதியான தேதி கிடையாது. ஆகவே உடம்பு எல்லா நாளும் தயார் நிலையிலேயே நிற்கிறது. அட்ரினலின் சுரந்தபடி இருக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வாய் உலர்கிறது, வயிறு கலக்குகிறது, கழுத்தும் தோளும் இறுகுகின்றன, அடிக்கடி சிறுநீர் வருகிறது. இதை 'கேஸ்' என்று சொல்லி ஊசி போட்டுக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மனப்பதற்றமா என்று வீட்டில் உட்கார்ந்து ஆராயக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். நாற்பது வயதுக்கு மேல் முதல் தடவையாகப் படபடப்பு வந்தாலும் இ.சி.ஜி. எடுத்துவிடுவதே முறை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குக் கை நடுங்கி வியர்த்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம், அதை உடனே பார்க்க வேண்டும். தைராய்டும் ரத்தசோகையும் இதே அறிகுறிகளைக் காட்டும். இவை இல்லை என்று ஆனபிறகும் மறுபடி மறுபடி இ.சி.ஜி. எடுத்துக்கொண்டே இருப்பது பயத்தைத்தான் வளர்க்கும்.

படபடப்பு வந்தவரைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் சொல்வது, 'நல்லா இழுத்து மூச்சு விடு'. தவறு அங்கேதான். பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிறார். அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றுகிறது, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதக்கிறது, சிலருக்கு விரல்களே மடங்கிக்கொள்கின்றன. 'பக்கவாதம் வந்துடுச்சு' என்று பயந்து இன்னும் வேகமாக இழுக்கிறார்கள். பயிற்சி, வெளியே விடும் மூச்சில்தான் இருக்கிறது. முதுகு சாய்த்து உட்காருங்கள். ஒரு கை தொப்புள் மேல் இருக்கட்டும். மூக்கு வழியாக, நான்கு எண்ணும்வரை, சத்தமில்லாமல் சிறிதாக இழுங்கள். வயிறு எழ வேண்டும், தோள் எழக் கூடாது. பிறகு உதட்டைக் குவித்து, ஊதாங்குழலில் ஊதுவது போல ஆனால் மிக மெதுவாக, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஒரு சுற்றுக்குப் பத்து விநாடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. ஐந்து நிமிடம் செய்யுங்கள். நான்கும் ஆறும் கஷ்டமாக இருந்தால் மூன்றும் நான்குமாக ஆரம்பிக்கலாம். நடுவில் தலை சுற்றினால், இழுக்கும் அளவு அதிகம் என்று பொருள். வேகத்தை மாற்றாமல் அளவைக் குறையுங்கள்.

'செஞ்சு பார்த்தேன், ஒன்னும் ஆகலை' என்பவர்களில் அநேகம் பேர் படபடப்பு வந்த பிறகு முதல் தடவையாகச் செய்தவர்கள், அல்லது ஒரு நிமிடத்தில் விட்டவர்கள். மனம் அமைதியாக இருக்கும்போது காலையும் மாலையும் பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைகொடுக்கும். திடீர் பீதி பொதுவாகப் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானே இறங்கும். இது தெரிந்திருப்பதே பாதி மருந்து. காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கம் வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

உடம்பை இப்படி இறக்கலாம். மனதில் ஓடுவதற்கு வேறு வழி, அதற்கு நேரம் ஒதுக்குவது. தினமும் ஒரே நேரத்தில், மாலை ஆறு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள், இருபது நிமிடம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் வேண்டாம். பகலில் கவலை எட்டிப் பார்த்தால் ஒரு வார்த்தை குறித்துவிட்டு 'ஆறு மணிக்குப் பார்க்கலாம்' என்று தள்ளுங்கள். ஆறு மணிக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் நாம் செய்யக்கூடியது, வலப்பக்கம் நம் கையில் இல்லாதது. 'கடன்' என்று ஒரே சொல்லாக எழுதினால் அது எந்தப் பக்கத்திலும் அடங்காது. 'செவ்வாய்க்கிழமை, குழுக்கடன், 2,400 ரூபாய், கையில் 1,500 இருக்கிறது, மீதிக்குத் திங்கட்கிழமை மச்சானிடம் பேச வேண்டும்' என்று எழுதினால் அது ஒரு வேலையாகிவிடும். 'மழை வந்தால்?' என்பதற்கு இடப்பக்கம் இரண்டே வரி: தார்ப்பாய் ஓரத்தை மண்மூட்டை வைத்து அழுத்துவது, குவியலைச் சுற்றித் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டுவது. மிச்சமெல்லாம் வலப்பக்கம். வானிலை அறிக்கையைக் காலை, மாலை இரு வேளை பார்த்தால் போதும். வாட்ஸ்அப்பில் வரும் புயல் குரல் பதிவுகளைக் கேட்பதால் குவியல் நனையாமல் இருக்கப் போவதில்லை.

குழுக்கடன் வசூல் பற்றியும் சொல்லியாக வேண்டும், வீட்டில் பெண்களின் படபடப்புக்கு அது பெரிய காரணம். குழுக்கடன் போன்ற நுண்கடன் வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொல்லை தரக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர்களை இழுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 நெறிமுறை சொல்கிறது. இது தெரிந்தவர் வாசலில் நிற்கும் விதமே வேறு.

காபி, டீ விஷயத்தில் கும்பகோணத்துக்காரர்கள் எங்கள் மேல் கோபப்படலாம். காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மாலை ஐந்து மணி டிகிரி காபியில் பாதி, இரவு பத்து மணிக்கும் உள்ளேதான் இருக்கிறது. காவலுக்கு விழித்திருக்க ஆறேழு டீ குடிப்பவர் மறுநாள் படபடப்பை 'பயம்' என்று எண்ணிக்கொள்கிறார். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். புகையிலையும் இதயத்தை வேகமாக அடிக்க வைக்கும். மது முதல் தூக்கத்தைத் தரும், விடியலுக்கு முன் எழுப்பிவிடும், காலையில் நடுக்கத்தைக் கூட்டும். ஆனால் தினமும் குடிப்பவர் தானாகத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மருத்துவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை கேட்பது இன்னொரு பெரிய கேடு. அல்பிரசோலம் அரை மணி, ஒரு மணியில் அமைதி தரும், சில வாரத்தில் அது இல்லாமல் முடியாது என்றாகிவிடும். மனநல மருத்துவர் எழுதித் தரும் மருந்துகளில் பல நேர்மாறானவை. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் வாரங்களில் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். பத்தாம் நாளே 'ஒத்துக்கலை' என்று நிறுத்துகிறவர்கள் இதை முன்பே தெரிந்திருந்தால் நிறுத்த மாட்டார்கள்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது? இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் தூக்கம், சாப்பாடு, வேலை மூன்றில் ஏதாவது கெட்டால் போதும், காத்திருக்க வேண்டாம். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். 'இருந்து என்ன பண்ண' என்று ஒருவர் சொல்லிவிட்டால், சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை வீட்டைவிட்டு அப்புறப்படுத்திப் பூட்டுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். 'தைரியமா இருங்க' என்பதைவிட 'யாரைப் பார்க்கணும், நானும் கூட வர்றேன்' என்பது பயன்படும்.

அதிகாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கொள்முதல் நிலையத்திலும் இன்று எந்த டோக்கன் வரை எடை போட்டாயிற்று, நாளை எந்த எண் வரை, லாரி எந்தத் தேதியில் வரும், எந்தத் தேதியில் எடுத்த நெல்லுக்குப் பணம் போயிருக்கிறது என்று மாலை ஐந்து மணிக்குப் பலகையில் எழுதிப் போடுங்கள். தாமதம் என்றால் தாமதம் என்றே எழுதுங்கள். 'நாலு நாள் கழித்து' என்று தெரிந்தால் மனிதர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். 'நாளைக்கு வாங்க' என்று ஏழு நாள் சொன்னால் ஏழு இரவும் விழித்திருப்பார். அதே பலகையின் அடியில் 14416 என்ற எண்ணையும் எழுதலாம். உங்கள் நாளிதழும் அறுவடை முடியும்வரை கொள்முதல் செய்திகளுக்குக் கீழே அந்த எண்ணை வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனநலப் பணியாளர்கள் சிலர்,
காவிரி டெல்டா மாவட்டங்கள்