லேத்தில் பிறந்த முகம்

அன்புள்ள பழனிச்சாமிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய சேதி படித்து எல்லோருக்கும் சந்தோஷம். முழங்கால் வலிக்கு வைத்தியரைப் பார்த்தாயா? பாரிஸில் மகள் வீட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை, இந்தக் குளிர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

கணினி சொல்லும்படி தானே கடையும் சிஎன்சி இயந்திரம் வந்தபின் கைவேலைக்காரனை யார் மதிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதையே நினைத்துக்கொண்டிருந்தபோது, பழைய தந்த வேலைப்பாடுகளை வைத்திருந்த ஒரு கண்காட்சிக்குப் போக நேர்ந்தது. அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு தந்த வில்லை. அதில் ஒரு போப்பின் பக்கவாட்டு முகம்: காதுவரை இறங்கிய குல்லாய், கூரான தாடி, தோளில் குட்டை அங்கி. உளியால் செதுக்கியது என்றுதான் நினைத்தேன். அங்கிருந்தவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்தார். நடுவிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றிப் போகும் மெல்லிய வரிகள் கன்னத்தில் தெரிந்தன. டூல் போன தடம். முகத்தை, பொருளைச் சுழலவிட்டுச் சீவும் லேத்தில் கடைந்திருக்கிறார்கள்!

லேத்தில் உருண்டையும் வளையமும்தானே வரும், மூக்கு எப்படி வரும் என்று கேட்பாய். வெண்கலப் பதக்கம் ஒன்றை மாதிரியாக மாட்டுவார்கள். ரோமில் ஹமெரானி குடும்பத்தார் போப்புகளின் முகம் வைத்து அப்படி நிறையப் பதக்கங்கள் செய்திருக்கிறார்கள். மாதிரியும் தந்தமும் ஒரே வேகத்தில் சுற்றும். மழுங்கிய ஊசி ஒன்று வெண்கலத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். மூக்கு மேடு வந்தால் ஊசி பின்வாங்கும், கூடவே தந்தத்தைச் சீவும் டூலும் பின்வாங்கும். கண்குழி வந்தால் இரண்டும் உள்ளே போகும். இப்படியே சுற்றுக்குச் சுற்று மயிரிழை நகர்ந்து விளிம்புக்கு வந்து சேரும்.

அப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று இதே ஊரில், ஆர்ட்ஸ் எ மெத்தியே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்தவர் ஆந்திரேய் நார்தோவ், ரஷ்யச் சக்கரவர்த்தி பீட்டரின் டர்னர், அதாவது கடைசல்காரர். பீட்டரே தந்தம் கடைவதில் பித்துப் பிடித்தவர். 1718-இல் அவர் நார்தோவை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இங்கே நார்தோவ் கடைந்த பதக்கங்களைப் பார்த்து, பிரெஞ்சு அறிவியல் கழகத் தலைவராக இருந்த பாதிரியார் பிஞோன் அசந்துபோய்ப் பீட்டருக்குப் பாராட்டி எழுதினார். கடைசல் வேலைக்கு முழு நூல் எழுதியவரும் ஒரு துறவிதான்: சார்ல் புளூமியே, லியோன், 1701. நம் கோயில்களில் நிற்கும் ஈழத்தலரியின் தாவரப் பெயர் புளூமேரியா, அவர் பெயரால் வந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் டூல் நேரே முன்னும் பின்னும்தான் போகும், மடிப்புக்கு அடியில் வளைந்து நுழையாது. அந்தப் போப்பின் தாடி அதனால் மெழுகுபோல வழவழவென்றிருக்கிறது. ஆனால் இமை ஓரத்திலும் நாசித் துவாரத்திலும் அந்த வரிகள் இல்லை. அங்கே யாரோ லேத்தை நிறுத்திவிட்டு ஊசிமுனைக் கருவியால் குடைந்திருக்கிறார். முகத்துக்கு உயிர் வந்தது அந்த இரண்டு இடத்தில்தான், பழனிச்சாமி. நார்தோவ் புறப்பட்ட அதே 1718-இல் லண்டனில் டேவிட் லெ மர்ஷான் நியூட்டனின் தலையைத் தந்தத்தில் கையாலேயே செதுக்கினார். பிரெஞ்சு புரொட்டஸ்டன்ட் குடும்பம், ஊர்விட்டு ஊர் வந்து பிழைத்தவர். இயந்திரம் வந்ததால் அவர் போன்றவர்களுக்கு வேலை இல்லாமல் போகவில்லை.

ஒன்றை மட்டும் மறைக்க மனமில்லை. தந்தத்துக்கே உரிய குறுக்குநெடுக்கான ரேகைகள் அந்த நெற்றியில் தெரிந்தன. ஒரு யானை செத்திருக்கிறது என்று நினைத்ததும் ரசனையோடு துக்கமும் சேர்ந்துகொண்டது. உலக அளவில் தந்த வணிகத்துக்குத் தடை 1989-இல்தான் முடிவானது.

அப்புறம், உன் பழைய லேத்தை இரும்பு விலைக்குப் போட்டுவிடாதே. ஒரு வெண்கலப் பதக்கத்தை மாதிரியாக வைத்துக் கருங்காலித் துண்டில் இதைச் செய்து பார்க்க முடியுமா? ஊசி மாதிரியைவிட்டு விலகாமல் இருக்க ஸ்பிரிங்கை எங்கே போடுவாய் என்று படம் போட்டு அனுப்பு. தை பிறந்ததும் ஊருக்கு வருகிறோம்.

அன்புடன்,
சுந்தரம்