ஈசூனிலிருந்து ராஜத்துக்கு

ஈசூன், சிங்கப்பூர்
13 ஜூலை 2025

அன்புள்ள ராஜம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டியிருக்கலாம். ஆனால் நீ நாலு பக்கம் கைப்பட எழுதி, தஞ்சாவூர் தபாலாபீஸில் வரிசையில் நின்று அனுப்பியிருக்கிறாய். அதற்குக் கட்டைவிரலால் பதில் போட மனசு வரவில்லை. இவர் கீழே காப்பிக் கடைக்குப் போயிருக்கிறார். போனால் இரண்டு மணி நேரம் நிச்சயம். அதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன்.

முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பெரியவளுக்குக் கல்யாணப் பேச்சை எடுப்பதை நான் விட்டு வருஷக்கணக்காகிறது, நீயும் விட்டுவிடு. 42 வயதில் நிம்மதியாக இருக்கிறாள்.

நீ கேட்டது சின்னவளைப் பற்றி. கவிதா ஏன் ஒன்றோடு நிறுத்திக்கொண்டாள், உங்கள் ஊரில் அரசாங்கமே பணத்தை அள்ளிக் கொடுக்கிறதாமே, பெற்றவள் நீ எடுத்துச் சொல்லக் கூடாதா என்று எழுதியிருந்தாய்.

சொல்லாமல் இருப்பேனா? போன மாதம் பொங்கோலில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு தாளில் கணக்கே எழுதிக்கொண்டு போனேன். இரண்டாவது பிள்ளைக்கு 11,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், ரொக்கம். மகப்பேறு விடுப்பு 16 வாரம். இந்த ஏப்ரலிலிருந்து அப்பாவுக்கும் நாலு வாரம், முதலாளி மறுக்க முடியாது. அதுபோக, அம்மாவும் அப்பாவும் பங்கு போட்டுக்கொள்ள இன்னும் ஆறு வாரம், வருகிற வருஷம் அது பத்தாகிறது. மூன்றாவதும் பெற்றால் இந்த வருஷ பட்ஜெட்டில் சொன்ன சலுகைகள் வேறு. எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அம்மா, புதன்கிழமை காலையில பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அந்த 11,000 வெள்ளி வந்து தூக்கி வச்சுக்குமா?" என்றாள்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் அந்தப் புதன்கிழமை எனக்கும் புரிந்தது. பேரன் நாலு மாதத்திலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்குப் போனவன். இங்கே கை, கால், வாய் நோய் என்று ஒன்று உண்டு, பாலர்பள்ளிகளில் சுற்றிச் சுற்றி வரும். உள்ளங்கையில் ஒரு கொப்புளம் தெரிந்தால் போதும், உடனே வந்து கூட்டிப் போங்கள் என்று போன் வந்துவிடும். எல்லாம் ஆறி டாக்டர் சரி என்று சொல்லும்வரை பிள்ளையை அனுப்ப முடியாது, ஒரு வாரம் போய்விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு வருஷத்தில் ஆறு நாள் விடுப்பு, அப்பாவுக்கு ஆறு நாள். ஒரு கொப்புளத்திலேயே பாதி தீர்ந்துவிடுகிறது. இதில் எனக்குத் தெரியாத ஒன்றை அவள் சொன்னாள்: இரண்டு பிள்ளை இருந்தாலும் அதே ஆறு நாள்தானாம். பிள்ளைக்கு இத்தனை என்று கிடையாது, ஆளுக்கு இத்தனை. ஒன்றுக்கு வந்தால் மற்றதற்கும் ஒட்டிக்கொள்ளும் நோய்க்கு இது என்ன கணக்கு, நீயே சொல்.

மாப்பிள்ளைக்கு அம்மா இல்லை. பணிப்பெண் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நாலறை வீட்டில் அவளை எங்கே படுக்க வைப்பது என்கிறாள். அப்போது நான் எங்கே போனேன் என்று கேட்பாய். பேரன் பிறந்தபோது எனக்கு 62 வயது. பள்ளி அலுவலகத்தில் வேலை. நாற்பது வருஷமாகச் செய்த வேலை, அதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார எனக்கு மனம் இல்லை. கவிதா கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. 65-ல்தான் நின்றேன். இங்கே ஓய்வு வயதை 2022-ல் 63 ஆக்கினார்கள், அடுத்த ஜூலையில் 64. நீண்ட ஆயுசுக்கு அது வேண்டியதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பாட்டியையும் வேலைக்கு வரச் சொல்லி, மகளையும் பிள்ளை பெறச் சொன்னால், நடுவில் அந்தக் குழந்தையை யார் கையில் கொடுப்பது?

இதை எழுதும்போது நாம் வளர்ந்த நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ்தான் கண் முன்னால் வருகிறது. உங்கள் வீட்டில் ஐந்து, எங்கள் வீட்டில் ஏழு, நடுவில் ஒரே சுவர். ஏழு பிள்ளை வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் எப்போதாவது உட்கார்ந்து பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறாயா? வந்தது, பெற்றார்கள். கடைசித் தம்பி 1966-ல் கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் பிறந்தான். மலாயில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று அர்த்தம், அதைச் சொல்லிச் சொல்லியே அவனை அழ வைப்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ஒரு வருஷத்தில் மட்டும் அங்கே ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தார்கள், கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு நூறுக்கு மேல்! குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கியதும் அதே வருஷம்தான். தம்பி ஒரு வருஷம் தள்ளி வந்திருந்தால் ஒருவேளை வராமலே போயிருப்பான்.

ஆனால் அந்த ஏழையும் அம்மா தனியாக வளர்க்கவில்லை, ராஜம். மங்கை அக்காவை ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்களே, அது 1962. அடுத்த குழந்தை வந்துவிட்டது, வீட்டில் ஆள் வேண்டும். எங்களில் நன்றாகப் படித்தவள் அவள்தான் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குக் கீழே இருந்த மூன்று பேரும் அவள் இடுப்பில்தான் வளர்ந்தார்கள். நாம் கூட்டாளிகள் எல்லாம் குழாயடியில் விளையாடும்போது அவள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பாத்திரமுமாக நிற்பாள். தம்பி இன்னமும் அவளை அக்காம்மா என்றுதான் கூப்பிடுகிறான், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அவன்தான்.

நீங்கள் 1971-ல் கப்பலேறிய பிறகு நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. அக்காவுக்கு 1973-ல் கல்யாணம். ஒரு மகன், அத்தோடு சரி. அதற்கு முந்தின வருஷம்தான் இரண்டோடு நிறுத்துங்கள் என்ற பிரசாரம் பெரிதாக ஆரம்பித்திருந்தது. எங்கே பார்த்தாலும் அந்தப் படம்: ஒரே குடைக்குள் இரண்டு பெண் குழந்தைகள், ஆணோ பெண்ணோ இரண்டு போதும் என்று. உங்கள் ஊர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் மாதிரி என்று வைத்துக்கொள். அக்கா அரசாங்கத்துக்கே ஒன்று மிச்சம் வைத்துவிட்டாள் என்று உறவுக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் ஒரே ஒரு தடவைதான் பதில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். "நான் ஏற்கெனவே மூணு வளர்த்துட்டேன்."

இனி எழுதப்போவது உனக்குக்கூட நான் சொல்லாதது.

எனக்கு 1983-ல் பெரியவள், 1986-ல் கவிதா. அப்போதெல்லாம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு பிள்ளைக்குத்தான். மூன்றாவது என்றால் விடுப்புச் சம்பளம் இல்லை, பிரசவக் கட்டணமும் ஏறும். நடுவில் 1984-ல் ஒரு கூத்து. பட்டதாரி அம்மாக்கள் மூன்று பெற்றால் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை. அதிகம் படிக்காத, வருமானம் குறைந்த இளம் தாய்மார்கள் இரண்டுக்குள் நிறுத்தி கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டால் மசேநி, அதாவது மத்திய சேம நிதி, கணக்கில் 10,000 வெள்ளி. நான் பள்ளியில் ஓ லெவல் வரை படித்தவள். பட்டதாரியும் இல்லை, படிக்காதவளும் இல்லை. என்னைப் பெறு என்றும் யாரும் சொல்லவில்லை, பெறாதே என்றும் காசு கொடுக்கவில்லை! அந்தப் பள்ளி முன்னுரிமையை மறு வருஷமே எடுத்துவிட்டார்கள், அத்தனை சத்தம் ஊரில்.

கவிதா பிறந்த கையோடு நான் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டேன். எனக்கு 28 வயது. இவருக்கு மட்டும் தெரியும். மாமியாரிடம் சொல்லவில்லை. இரண்டும் பெண். அத்தை வாயைத் திறந்து ஒரு குறையும் சொன்னதில்லை, ஆனால் பேரன் வேண்டும் என்ற ஆசை அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. என் இரண்டு பெண்களையும் வளர்த்தது அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நான் காலை ஆறரைக்கு பஸ் ஏறினால், பால் கொடுத்து, குளிப்பாட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, எல்லாம் அவர்.

மறு வருஷம், 1987 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை, புதுக் கொள்கை வந்தது. வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள் என்று அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் டோங் அறிவித்தார். அத்தைக்கு அதில் 'வசதியிருந்தால்' காதில் விழவில்லை. "பார்த்தியா, இப்ப கவர்மெண்டே சொல்லுது!" என்று ரேடியோவைக் கையால் காட்டிச் சிரித்தார். நான் அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அந்த மாதமே நேர்ந்துகொண்டார். சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனுக்கு ஞாயிறு ராகுகாலத்தில் எலுமிச்சம்பழ விளக்கு. ஒன்பது வாரம் என்று ஆரம்பித்தது, ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று. எனக்கு ஞாயிறு லீவு, நான்தான் கூடப் போவேன். தேக்கா சந்தையில் பழம் வாங்கி, இரண்டாக நறுக்கி, சாறைப் பிழிந்து, தோலை மறுபக்கம் திருப்பிக் கிண்ணமாக்கி, திரி போட்டு அவர் கையில் கொடுப்பேன். பலிக்காது என்று உலகத்திலேயே நிச்சயமாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி, நானே திரி போட்டுக் கொடுத்தேன். எத்தனையோ ஞாயிறு பஸ்ஸில் திரும்பி வரும்போது சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். கை முழுக்க எலுமிச்சை வாசம், அவர் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பார்.

88 சீனர்களுக்கு ராசியான டிராகன் ஆண்டு. எங்கள் மாடியில் மட்டும் மூன்று சீன வீட்டில் குழந்தை. அவர்கள் டிராகனுக்காகத் தேதி பார்க்க, நம் ஆட்கள் சித்திரையில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒவ்வொரு குழந்தையையும் போய்ப் பார்த்து, சிவப்பு உறையில் அங் பாவ் பணம் வைத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கோயிலுக்குக் கூப்பிடவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. போன வருஷமும் டிராகன் ஆண்டுதான். பிறப்பு விகிதம் அசையவே இல்லை, முந்தின வருஷம் போல 0.97. ஒரு பெண்ணுக்கு ஒரு முழுப் பிள்ளைகூட இல்லை. டிராகனாலேயே முடியவில்லை என்றால் நான் எழுதிக்கொண்டு போன தாள் என்ன செய்யும்?

இதைப் போன வாரம் கவிதாவிடம் சொன்னேன். அவளாகத்தான் கேட்டாள், "நீ ஏம்மா மூணாவது பெத்துக்கல, பாட்டிதான் வீட்டுல இருந்தாங்களே?" என்று. விடுப்பு, கட்டணம் என்று ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்யாகப் பட்டது. அந்தப் பணத்தை எப்படியாவது புரட்டியிருப்போம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டில் படுத்திருந்தபோது பெரியவளைத் தூக்கிக்கொண்டு வந்தார் இவர். மூன்று வயதுகூட ஆகவில்லை. வந்ததும் தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்க இரண்டு கையையும் நீட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மங்கை அக்கா ஞாபகம் வந்துவிட்டது. அத்தைக்கு வயதாகிறது, மூன்றாவதும் வந்தால் யார் கைக்குப் போகும் என்று எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான் நடந்தது. நாற்பது வருஷமாக நான் இதை யாரிடமும், எனக்கு நானேகூட, சொல்லிக்கொண்டதில்லை.

கவிதா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்காவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "சொல்லிடாத, அழுவா" என்றாள்.

உங்கள் முதலமைச்சர் ஸ்டாலின் போன அக்டோபரில் கல்யாண மேடையில், பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்று கேட்டதை இங்கேயும் பேசிச் சிரித்தார்கள். நம் பெரியவர்கள் வாழ்த்திய பதினாறு பேறு வேறு என்று அவருக்கும் தெரியும். மக்கள்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதியும் குறையுமே என்ற கவலையில் சொன்னது. அளவோடு பெற்று வளமோடு வாழ்க என்று சுவரெல்லாம் எழுதிய ஊர் உன்னுடையது. உன் மருமகளும் ஒன்றோடு நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவளிடம் ஏன் என்று கேட்காதே ராஜம். அவள் வேலைக்குப் போன பிறகு குழந்தையை நாள் முழுக்க யார் வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் கவனித்துப் பார்த்து எனக்கு எழுது. நீதான் என்றால், உன் இடுப்பு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது.

கவிதாவுக்கு 39 ஆகிறது. இன்னொன்று வருமா வராதா என்று இனி நான் பேசப்போவதில்லை. ஆனால் புதன்கிழமைகளில் பொங்கோல் போக ஆரம்பித்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். பேரன் எல்ஆர்டி ரயிலில் முன் கண்ணாடி ஓரம்தான் நிற்பான், நானும் கூட நிற்க வேண்டும், உட்கார விடமாட்டான்.

இவர் வந்துவிட்டார், லிஃப்ட் சத்தம் கேட்கிறது. நீ போன தடவை அனுப்பிய முட்டிவலித் தைலம் தீர்ந்துவிட்டது. யாராவது வந்தால் இரண்டு பாட்டில் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
உன் வசந்தா