லிதோங் நாளில் நம் பள்ளி: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

27 அக்டோபர் 2025

அன்பும் மதிப்பும் நிறைந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். எதிர்வரும் நவம்பர் 7ஆம் நாள், வெள்ளிக்கிழமை, சீனர்களின் நாள்காட்டிப்படி குளிர்காலம் பிறக்கிறது. அந்நாளை அவர்கள் 'லிதோங்' என்பார்கள். 'தோங்' என்றால் குளிர்காலம். 'லி' என்பது இங்கே தொடக்கத்தைக் குறிக்கும். அன்று காலை நம் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 'ஜியாவ்ஸு' என்னும் சீனக் கொழுக்கட்டையைத் தங்கள் கையாலேயே பிடித்து, வேகவைத்து, பரிமாறி உண்ணப் போகிறார்கள். ஆண்டு முழுதும் வெயிலும் மழையுமாக இருக்கும் நம் மலேசியாவில் குளிர்காலத்தை வரவேற்பது எதற்காக என்று பெற்றோர் சிலர் என்னை நேரில் கண்டு கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விரிவாக விடை சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, சீனப் புத்தாண்டு ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும்போது லிதோங் மட்டும் நவம்பர் 7 அல்லது 8ஆம் நாளை விட்டு நகராதது ஏன் என்று கேட்டாள். தீபாவளி இடம் மாறுகிறது, பொங்கல் மாறுவதில்லையே, அது ஏன் என்று நான் அவளைத் திருப்பிக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, ஒன்று நிலவுக் கணக்கு, மற்றது சூரியக் கணக்கு என்று அவளே சொன்னாள். லிதோங்கும் சூரியக் கணக்கில் வருவதுதான். சூரியனின் ஆண்டுப் பாதையாகிய 360 பாகையைச் சீனர்கள் 15 பாகை வீதம் 24 பருவக் கூறுகளாகப் பிரித்தார்கள். வசந்தம் பிறக்கும் கூறை முதலாக வைத்து எண்ணினால் அவற்றுள் 19ஆவது லிதோங். பாகையை மட்டும் மார்ச் மாதச் சம இரவு நாளிலிருந்து அளப்பார்கள்; அப்படிச் சூரியன் 225 பாகையைத் தொடும் வேளையில் அது பிறக்கிறது. சூரியன் ஒரு இராசியிலிருந்து அடுத்த இராசிக்குப் போவதை வைத்து நாம் மாதத்தைக் கணக்கிடுகிறோம். ஓர் இராசி 30 பாகை. தொடங்கும் புள்ளி வேறாக இருந்தாலும், அவர்களுடைய இரண்டு கூறுகள் நம் மாதம் ஒன்றின் அளவாகும். இந்த 24 கூறுகளைக் கொண்ட காலக்கணிப்பை யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டில் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. கார், கூதிர், முன்பனி என்று பெரும்பொழுதை ஆறாக வகுத்துப் பாடம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது அந்நியமான செய்தி அன்று.

இக்கூறுகள் மஞ்சள் ஆற்றுச் சமவெளியின் உழவர்களுக்காக ஏற்பட்டவை. லிதோங் வரும்போது அங்கே அறுவடை முடிந்து தானியம் களஞ்சியம் சேர்ந்திருக்கும். மாடும் மனிதரும் ஓய்வுக்குத் திரும்பும் காலம் அது. அதன் பதினைந்து நாளையும் பழைய சீனர்கள் ஐந்தைந்து நாளாக மூன்றாகப் பகுத்து, முதலில் நீர் உறையத் தொடங்கும், அடுத்து நிலம் உறையத் தொடங்கும், மூன்றாவதாகக் காட்டுக்கோழிகள் பெருநீருக்குள் புகுந்து சிப்பிகளாகிவிடும் என்று குறித்து வைத்தார்கள். குளிரில் அப்பறவைகள் கண்ணில் படாமல் போக, அவற்றின் இறகைப் போலவே வரியும் நிறமும் கொண்ட பெருஞ்சிப்பிகள் கரையில் தென்பட்டதால் இந்த நம்பிக்கை பிறந்தது என்பார்கள். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தவர்கள்தாம் இப்படித் தவறாகவும் சொல்ல முடியும் என்பது அவர்களுக்கு எப்படியோ விளங்கியிருந்தது.

வடசீனத்தில் லிதோங் நாளின் உணவு ஜியாவ்ஸு. பருவம் மாறும் சந்தியைக் குறிக்கும் சொல்லும் இக்கொழுக்கட்டையின் பெயரும் ஒலியால் ஒத்திருப்பது ஒரு காரணம். அதன் வடிவம் காதைப் போலிருப்பது இன்னொன்று. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன், கிழக்கு ஹான் அரசமரபின் காலத்தில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங், குளிரில் காது புண்பட்ட ஏழைகளைக் கண்டு மனம் இரங்கி, ஆட்டிறைச்சியையும் உடலுக்குச் சூடு தரும் மூலிகைகளையும் மாவில் காது வடிவில் பொதிந்து, வேகவைத்த நீரோடு அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தார் என்பது மக்கள் வழங்கும் கதை. 'லிதோங் அன்று ஜியாவ்ஸுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தாதவன் காது உறைந்து விழுந்தாலும் கேட்பாரில்லை' என்று அங்கே பாட்டிமார் பேரப்பிள்ளைகளை மிரட்டிச் சாப்பிட வைப்பார்களாம்.

ஆனால் நம் நாட்டுச் சீனர்களில் மிகப் பெரும்பாலோரின் முன்னோர் ஃபூஜியான், குவாங்டோங் ஆகிய தென்மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் தியோச்சூ என்னும் தென்சீனப் பிரிவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரை நாங்கள் உதவிக்கு அழைத்தபோது, ஜியாவ்ஸு தங்கள் வீட்டு லிதோங் உணவே அன்று என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர் பிறந்த வீட்டில் அன்று கரும்பு கடிப்பார்கள். லிதோங்கில் கரும்பு தின்றால் பல் வலிக்காது என்பது அவர்கள் பக்கத்துப் பழமொழி. தாமரை விதை, காளான், செஸ்ட்நட், இறால் சேர்த்துக் கிளறிய மணச்சோறும் உண்டு. மற்றத் தென்பகுதிக் குடும்பங்கள் மூலிகையிட்டுக் கோழியோ வாத்தோ வேகவைத்து, வரும் குளிருக்கு உடலைத் தேற்றிக்கொள்ளும். 'சீனர் வழக்கம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட இருந்த எங்களைத் திருத்திய அம்மூதாட்டிக்குப் பள்ளி கடமைப்பட்டுள்ளது. ஆதலால் ஜியாவ்ஸுவோடு கரும்பும் அன்று இடம்பெறும்.

சென்ற சனிக்கிழமை ஆசிரியர்கள் ஒத்திகை பார்த்தோம். மேல்மாவுக்குக் கோதுமை மாவும் தண்ணீரும் மட்டுமே. இரண்டு பங்கு மாவுக்கு ஒரு பங்கு தண்ணீர். பிசைந்து அரைமணி நேரம் ஈரத்துணியால் மூடி வைக்க வேண்டும். சீன முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து உப்பிட்டு, கால்மணி கழித்துத் துணியில் கட்டிப் பிழிந்தபோது ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் வடிந்தது. அதைப் பிழியாமல் விட்ட எங்கள் முதல் ஈடு முழுவதும் கொதிநீரில் வாய் பிளந்துவிட்டது. மாவைத் தேய்த்த வட்டத்தின் விளிம்பு மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் இருக்க வேண்டும். கொதி வரும்போதெல்லாம் குளிர்ந்த நீர் ஒரு குவளை விட்டு, மூன்று முறை அப்படி அடக்கிய பிறகே எடுக்க வேண்டும். கொழுக்கட்டைக்கு மடிப்பு வைத்துப் பழகிய ஆசிரியைகளின் விரல்கள் மூன்றாவது உருண்டையிலேயே ஒழுங்குக்கு வந்துவிட்டன.

லிதோங் நாளில் பண்டைச் சீன மன்னர் அமைச்சர்களோடு நகரின் வடபுறம் சென்று குளிர்காலத்தை எதிர்கொண்டு வரவேற்றுத் திரும்பியதும், நாட்டுக்காக உயிர்விட்டோரின் குடும்பங்களுக்குப் பரிசளித்து, கைம்பெண்களையும் அநாதைப் பிள்ளைகளையும் ஆதரித்தார் என்று பழஞ்சீன ஏடுகள் கூறுகின்றன. இந்நாளின் வழக்கங்களுள் என் மனத்தில் ஆழப் பதிந்தது இதுதான். எனவே முதலில் வெந்து வரும் தட்டுகளை நம் காவலாளர், துப்புரவுப் பணியாளர்கள், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர்கள் ஆகியோருக்குப் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அதன் பிறகே பிள்ளைகள் உண்பார்கள்.

இனி, உங்கள் கவனத்திற்குச் சில. உணவு முழுக்க சைவம். முட்டைக்கோஸ், காய்ந்த காளான், தோஃபு, சூஹூன் என்னும் கண்ணாடிச் சேமியா, இஞ்சி ஆகியவற்றோடு எள்ளெண்ணெய் சேரும். முட்டையும் இறைச்சியும் கிடையா. எள், சோயா, கோதுமை ஆகியவற்றில் எதுவும் பிள்ளைக்கு ஒவ்வாததாயின் ஒப்புதல் படிவத்தில் கட்டாயம் குறிப்பிடுங்கள். கொதிநீர்ப் பானைகளின் அருகில் ஆசிரியர்கள் மட்டுமே நிற்பார்கள். பணம் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டாம். சிவப்புச் சீன உடை வாங்கவும் வேண்டாம். அது புத்தாண்டுக்கு உரியது, லிதோங்கில் 'அங் பாவ்' என்னும் சிவப்புப் பண உறையும் இல்லை, பட்டாசும் இல்லை. வழக்கமான பள்ளிச் சீருடையும் ஒரு சமையல் மேலாடையும் போதும்.

இதற்குப் பின் வரும் 'தோங்ஜி', அதாவது வடபுலத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் கொண்ட நாள், டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. இஞ்சியும் பண்டான் இலையும் மணக்கும் பாகில் பசையரிசி உருண்டைகளை மிதக்கவிட்டு, நம் அண்டை வீட்டுச் சீனக் குடும்பங்கள் ஒன்றுகூடி உண்ணும் நாள் அது. பிள்ளைகள் அதன் காரணத்தை இதற்குள் அறிந்திருப்பார்கள். வீட்டில் அவர்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

ஒப்புதல் படிவத்தை நவம்பர் 3ஆம் நாளுக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடக் கேட்டுக்கொள்கிறேன். லிதோங் அன்று காலை ஏழரை மணிக்குக் கரும்பைச் சீவித் துண்டு போட, அரிவாள் பிடித்துப் பழகிய பெற்றோர் இருவர் வேண்டும். வர இயன்றவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்