மேம்பாலத்தின் அடியில் ஸ்கேட்போர்டு பழக இடம் கோரும் மனு

அனுப்புநர்:
ஸ்கேட்போர்டு பழகும் பிள்ளைகளின் பெற்றோர்

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: மேம்பாலத்தின் அடியில் சும்மா கிடக்கும் இடத்தை ஸ்கேட்போர்டு பயிற்சிக்கு ஒதுக்கித் தருவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் தினமும் மாலையில், ஸ்கேட்போர்டு எனும் சக்கரம் மாட்டிய பலகையைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைகிறார்கள். பூங்காவில் விரட்டுகிறார்கள். போன மாதம் ஒரு கட்டடத்தின் வாசலில் காவலாளி என் மகளின் பலகையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அது விளையாடும் இடமில்லைதான். அப்படியானால் எது இடம்?

இந்த விளையாட்டே இடமில்லாதவர்கள் உண்டாக்கியது. 1950-களில் கலிபோர்னியாவில், கடலில் அலை இல்லாத நாட்களில், அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் மரப்பலகையின் அடியில் ரோலர் ஸ்கேட் சக்கரங்களை மாட்டித் தெருவில் ஓட்டினார்கள். அப்போதைய களிமண் சக்கரம் சின்னக் கல் தட்டினாலே நின்றுவிடும், ஓட்டுகிறவர் குப்புற விழுவார். 1965 வாக்கில் பல ஊர்களில் தடை போட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் யூரித்தேன் என்ற ஒருவகை பிளாஸ்டிக்கால் ஆன சக்கரங்களைக் கொண்டுவந்த பிறகுதான் பலகை தரையைப் பிடித்து ஓடியது. அப்புறம் அங்கே வறட்சி வந்து நீச்சல் குளங்கள் வற்றின. அந்தக் காலிக் குளங்களின் வளைந்த சுவர்களில் பிள்ளைகள் ஏறி இறங்கப் பழகினார்கள். இன்று ஸ்கேட்போர்டுக்கென்றே கட்டும் பூங்காக்களில் உள்ள கிண்ணம் போன்ற குழிகளுக்கு அதுதான் முன்மாதிரி.

தடை போட்டால் நின்றுவிடும் என்று நினைப்பவர்களுக்கு நார்வேயைச் சொல்லலாம். 1978 முதல் 1989 வரை அங்கே ஸ்கேட்போர்டுக்கே தடை. பிள்ளைகள் காட்டுக்குள் ஒளிவாகச் சாய்தளம் கட்டி விளையாடினார்கள்.

ஐயா, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்தைப் பற்றி. அங்கே பர்ன்சைடு பாலத்தின் அடியில், 1990-ல், விளையாடுகிறவர்களே யாரையும் கேட்காமல் சிமென்ட் குழைத்து மேடு கட்டத் தொடங்கினார்கள். பிறகு நகர நிர்வாகம் அதை இடிக்காமல் ஏற்றுக்கொண்டது. இன்று உலகம் முழுவதும் ஸ்கேட்போர்டு பிடித்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். பாலம் கூரையாக இருப்பதால் மழையிலும் பழகலாம். அப்படி நாங்களாகவே கட்டிக்கொள்ள விரும்பவில்லை. உங்கள் அனுமதியோடுதான் செய்ய வேண்டும் என்று வந்திருக்கிறோம்.

2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு முதல்முறையாகச் சேர்ந்தது. பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் (தெருவில் இருப்பதுபோன்ற படிக்கட்டு, கைப்பிடிகளில் ஓட்டும் போட்டி) தங்கம் வென்ற ஜப்பானியச் சிறுமி மோமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. என் மகளுக்கும் அதே வயதுதான். அவள் பதக்கம் வாங்குவாள் என்று சொல்ல வரவில்லை. விழுந்து எழுந்து பழக அவளுக்கு ஒரு தரை வேண்டும்.

எனவே, மேம்பாலத்தின் அடியில் உள்ள இடத்தை ஒதுக்கி, வழவழப்பான சிமென்ட் தரை, உயரம் குறைந்த இரண்டு சாய்தளங்கள், விளக்கு ஆகியவற்றை அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். சொரசொரப்பான தரை வேண்டாம். தெருவில் பழகும் பலகைகளின் சக்கரம் சிறியது, இன்றும் சரளைக் கல்லில் சிக்கும். தலைக்கவசம், முழங்கால் கவசம் இல்லாமல் யாரையும் இறங்க விடமாட்டோம். தினமும் பெருக்கிச் சுத்தமாக வைப்பதையும் நாங்களே முறைபோட்டுப் பார்த்துக்கொள்கிறோம். ஒருமுறை நேரில் வந்து இடத்தைப் பார்வையிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பிள்ளைகளின் பெற்றோர்